அலுமினியமா, உருக்கா? கப்பல் கட்டும் கணக்கில் விடக்கூடாத பிழைகள்

குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நின்றேன். இரும்புப் படகொன்றில் சுத்தியலால் கறள் தட்டிக்கொண்டிருந்த பெடியன் கேட்டான்: "அண்ணை, அலுமினியத்திலை கட்டியிருந்தா இந்த வேலை இல்லைத்தானே?" இல்லைத்தான். ஆனால் கறளை மட்டும் பார்த்து உலோகத்தைத் தீர்மானித்தால் காசு கரையும்.

பலர் கிலோ விலையிலேயே நின்றுவிடுகிறார்கள். கடலுக்கான அலுமினியத் தகடு கிலோவுக்குச் சாதாரண உருக்கைவிடப் பல மடங்கு விலை. ஆனால் 10 தொன் உருக்கு வேண்டிய படகுக்கு அலுமினியம் 10 தொன் வேண்டாம். அதற்காக, உருக்கின் அடர்த்தி 7.85க்கு அலுமினியத்தின் அடர்த்தி 2.7 தானே என்று மூன்றில் ஒரு பங்கு எழுதுவதும் பிழை. ஒரே தடிப்பில் அலுமினியம் ஏறத்தாழ மூன்று மடங்கு வளைந்து கொடுக்கும். தகட்டைத் தடிப்பாக்கி, சட்டங்களை நெருக்கி வைத்தபின் எடை ஏறக்குறைய பாதியில்தான் வந்து நிற்கும். 5 தொன் என்று போட்டுப் பாருங்கள். அப்போதும் உலோகச் செலவு உருக்கைத் தாண்டும்.

அந்தக் கூடுதல் காசைத் திருப்பித் தருவது வேகம். மணிக்கு 8 கடல்மைல் போகும் சரக்குப் படகுக்கு உடல் எடை குறைவதால் டீசல் பெரிதாக மிஞ்சாது. 25 கடல்மைலில் ஓடும் பயணிகள் படகுக்கோ ஒவ்வொரு தொன்னும் கணக்கு: எடை குறைந்தால் எஞ்சின் சிறிது, எரியும் டீசல் குறைவு, அதைச் சுமக்கும் தாங்கியும் சிறிது. வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை முதலில் எழுதுங்கள். முழுக் கப்பலும் ஒரே உலோகமாக இருக்கவும் தேவையில்லை. 1952இல் அத்திலாந்திக் வேகச் சாதனை படைத்த 'யுனைற்றட் ஸ்ரேற்ஸ்' கப்பலுக்கு உடல் உருக்கு, மேற்கட்டு அலுமினியம்.

வெல்டிங் கூலியைத்தான் எல்லோரும் குறைத்துப் போடுகிறார்கள். அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன்மேல் படிந்த ஒட்சைட்டுப் படலம் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். துருப்பிடிக்காத கம்பித் தூரிகையால் அதைத் தேய்த்தெடுத்து, ஆர்கன் வாயுவின் மறைப்பில் ஒட்ட வேண்டும். திறந்த கரையில் சோளகக் காற்று அந்த வாயுவை அள்ளிப் போய்விடும், ஒட்டில் துளை விழும். ஆகவே கொட்டகைச் செலவும் சேர்கிறது. ஒட்டின் அருகே தகட்டின் பலமும் குறையும். அதற்கும் சேர்த்தே தடிப்பைத் தீர்மானிக்க வேண்டும். உருக்கென்றால் ஊர்ப் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம்.

கறள் இல்லை என்பதால் அரிப்பும் இல்லை என்று நினைக்காதீர்கள். அலுமினியத்தில் வெண்கலமோ உருக்கு ஆணியோ நேரே தொட்டால் உப்புநீரில் அலுமினியம்தான் கரையும். பாசி பிடிக்காமல் அடிக்கும் செம்புப் பெயின்ற் நேரே பட்டாலும் அதே கதி. செம்பில்லாத பெயின்ற், உலோகங்கள் தொடாமல் இடையில் வைக்கும் காப்புத் துண்டுகள், அலுமினியத்துக்குப் பதிலாகத் தாம் கரையும் துத்தநாகக் கட்டிகள் மூன்றையும் பராமரிப்புச் செலவில் முதல் வருடத்திலிருந்தே எழுதுங்கள்.