பிலாட்டீஸ் ‘ஹண்ட்ரட்’: கழுத்து வலி போன விதம்

பிலாட்டீஸ் உடற்பயிற்சி முறையில் வரும் ‘ஹண்ட்ரட்’ என்ற வயிற்றுப் பயிற்சியைச் செய்யும்போதெல்லாம் எனக்குக் கழுத்துதான் வலித்தது. வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை. மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கி, கைகளை மேலும் கீழும் அசைத்தபடி 5 அசைவுக்கு மூச்சை இழுத்து 5 அசைவுக்கு விட வேண்டும். இப்படி 10 சுற்று, மொத்தம் 100. பாதிக்குள்ளேயே கழுத்தின் முன்பக்கம் இறுகிவிடும்.

தலைக்கடியில் துண்டை மடித்து வைத்தேன். வலி குறைந்தது, ஆனால் வயிறு அப்போதும் சும்மாதான் இருந்தது. காலை நீட்டாமல் முழங்காலை மடக்கிப் பார்த்தேன். இடுப்புக்குச் சுகம், கழுத்து பழையபடிதான்.

அப்புறம் இதன் மூலத்தைத் தேடிப் படித்தேன். 1883-இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் காவலில் இருந்தபோது இம்முறையை வளர்த்தவர். பிறகு நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்தினார். மூச்சை முழுக்க வெளியேற்றுவதை அவர் அழுத்திச் சொல்கிறார். சிக்கல் அங்கேதான் இருந்தது!

மூச்சை இழுத்துக்கொண்டே தலையைத் தூக்கினால் விலா எலும்புகள் விரிந்து மேலே வருகின்றன, வயிறு தளர்கிறது, பாரமெல்லாம் கழுத்துக்குப் போகிறது. இப்போது மூச்சை விட்டபடியே எழுகிறேன். விலா கீழே இறங்குவதை விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் தலை மேலே வரும். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை விரிப்பைத் தொட்டபடி இருக்கும். பார்வை கூரையில் இல்லை, தொடையில். அப்பாடா, வலி போனது.

எலும்பு மெலிவு உள்ளவர்கள் தலையைத் தூக்காமல், தரையில் வைத்தபடியே கைகளை அசைக்கலாம்.