கிளட்ச் வழுக்கினால் முதலில் கேபிளைப் பாருங்கள்

பைக்கின் ஆக்சிலரேட்டரைத் திருகியதும் இன்ஜின் இரைந்து, வண்டி மட்டும் அதற்கேற்ப வேகம் எடுக்காவிட்டால், பெரும்பாலும் கிளட்ச் வழுக்குகிறது. ஆளில்லாத சமதளச் சாலையில் டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகுங்கள். இரைச்சல் எகிறியும் ஸ்பீடோமீட்டர் முள் தயங்கினால் ஐயம் தீர்ந்தது.

உடனே கிளட்ச் பிளேட் வாங்கப் போக வேண்டாம். கிளட்ச் லீவரின் நுனியில் பொதுவாக 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை பிளே, அதாவது கேபிள் இழுபடத் தொடங்கும் முன் லீவர் தளர்வாக அசையும் தூரம், இருக்க வேண்டும். அது இல்லையெனில், நீங்கள் லீவரைத் தொடாதபோதும் கேபிள் இழுபட்டே இருப்பதால், பிளேட்டுகள் ஒன்றையொன்று முழுமையாக இறுக்கிக்கொள்ள முடியாது. கேபிள் முனையிலுள்ள லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருகிப் பிளே கொடுத்து, ஹேண்டிலை இருபுறமும் முழுவதும் திருப்பி மீண்டும் அளந்து பாருங்கள். என் கருத்தில், தொடங்குபவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுவே.

அடுத்தது ஆயில். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து சுழல்வதால், உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் அவை வழுக்கக்கூடும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 (MA2) என்ற, இத்தகைய பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயிலைக் குறிக்கும் ஜப்பானியத் தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் வழுக்கினால்தான் கிளட்ச் கவரைக் கழற்ற வேண்டும். இன்ஜின் ஆறியபின் ஆயிலை வடித்து, கிக்கரையும் கேபிளையும் கழற்றுங்கள். கவர் போல்ட்டுகளின் நீளம் வேறுபடும். ஆகவே அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுச் செருகி வையுங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். சில மாடல்களில் நடு நட்டைத் தனிச் சாக்கெட்டால் கழற்றினால்தான் பிளேட்டுகள் வெளிவரும். அந்தக் கருவி இல்லாவிட்டால் உளியால் தட்டாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பிளேட்டுகளை எடுக்கும் முன் அவற்றின் வரிசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உராய்வுப் பிளேட்டின் தடிமனையும் ஸ்பிரிங்கின் நீளத்தையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து, உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டிலுள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். நீலம் பாய்ந்த அல்லது கண்ணாடிமேல் வைத்தால் படியாமல் ஆடுகிற இரும்புப் பிளேட்டை மாற்றிவிடுங்கள்.

புதிய உராய்வுப் பிளேட்டுகளைச் சில மணி நேரம் இன்ஜின் ஆயிலில் ஊறவைத்து, பழைய வரிசையிலேயே பொருத்துங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளை மீண்டும் எதிரெதிராக, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டுமே இறுக்குங்கள். அலுமினியத்தில் மரை எளிதில் போய்விடும். ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாக வைத்துக் கவரை மூடி, ஆயில் ஊற்றி, பிளேயைச் சரிசெய்து, அதே சாலையில் அதே சோதனையைச் செய்யுங்கள். சில நாட்கள் ஓட்டியபின் பிளேயை மறுபடி அளந்து பாருங்கள்.