சோரியாசிஸ் இருப்பவர்கள் ரத்தப் பரிசோதனையில் செய்யும் தவறுகள்

தோலில் தடித்த, செதில் உதிரும் படையாகத் தெரிகிற சோரியாசிஸ், தோலோடு நின்றுவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. படையைத் தடிக்க வைக்கும் டிஎன்எஃப், ஐஎல்-17 போன்ற அழற்சிப் புரதங்கள் ரத்தத்திலும் சுற்றுகின்றன. இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுப்பதிலும், ரத்தக் குழாயின் உட்சுவரைக் கெடுப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. 2018-ல் வந்த அமெரிக்க கொலஸ்ட்ரால் வழிகாட்டுதல், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் சோரியாசிஸையும் சேர்த்ததற்கு இதுதான் பின்னணி. ஆனாலும் பலர் வருடக்கணக்கில் களிம்பு மட்டும் வாங்கிப் பூசிக்கொண்டு, சர்க்கரை பார்க்காமலே இருக்கிறார்கள்.

பரிசோதனை செய்பவர்களிலும் பலர் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். சோரியாசிஸ் உள்ள ஓர் ஆணின் ரிப்போர்ட் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 188, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) 210, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. மொத்தம் 200-க்குள் இருக்கிறது, சர்க்கரையும் 'பார்டர்'தான் என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவார். உண்மையில் இதில் மூன்று எண்கள் எல்லை தாண்டியிருக்கின்றன. டிரைகிளிசரைடு 150-க்குக் கீழே இருக்க வேண்டும். எச்டிஎல் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50-க்குக் குறையக் கூடாது. சர்க்கரை 100-ஐத் தாண்டக் கூடாது. இவற்றோடு ரத்த அழுத்தம் 130/85, நம் ஊர் உடல்வாகுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற எல்லைகளும் உண்டு. இந்த ஐந்தில் மூன்று தவறினாலே அது வளர்சிதை மாற்றக் கோளாறு. லேப் ரிப்போர்ட் இடுப்பை அளக்காது. அளவு நாடாவை நாம்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது சிஆர்பி, அதாவது உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். இதைத்தான் அதிகம் பேர் தப்பாகப் படிக்கிறார்கள். இதய ஆபத்தைக் கணிக்க உதவுவது நுண்ணளவில் அளக்கும் எச்எஸ்-சிஆர்பி. காய்ச்சலுக்கு எழுதிக் கொடுக்கும் சாதாரண சிஆர்பி அல்ல. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் என்றால் ஆபத்து கூடுதல் என்று பொருள். ஆனால் சளி, பல் வீக்கம், சிறுநீர்த் தொற்று எதுவும் அதை ஏற்றிவிடும். 10-ஐத் தாண்டினால் பதற வேண்டாம். இரண்டு வாரம் கழித்து உடம்பு சரியான பிறகு மறுபடி பாருங்கள். சிஆர்பி நார்மலாக வந்தால் மூட்டுவலியை ஒதுக்கிவிடுவதும் தவறே. சோரியாசிஸோடு வரும் மூட்டழற்சியான சோரியாடிக் ஆர்த்ரைட்டிஸ் உள்ள பலருக்கு அது நார்மலாகவே இருக்கும். யூரிக் அமிலமும் அப்படித்தான்: சோரியாசிஸிலேயே அது கூடலாம் என்பதால், அந்த ஒரு எண்ணை வைத்து வலியை 'கவுட்' (யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் நோய்) என்று முடிவுகட்டக் கூடாது.

சோரியாசிஸுக்குச் சாப்பிடும் மருந்துகளும் இந்த எண்களை மாற்றும். அசிட்ரெட்டின் டிரைகிளிசரைடை ஏற்றும். சைக்ளோஸ்போரின் கொழுப்பு, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் அளவு), ரத்த அழுத்தம் மூன்றையும் ஏற்றலாம். மெத்தோட்ரெக்ஸேட் கல்லீரல் என்சைம்களை ஏற்றலாம். ஏற்கெனவே கொழுப்புக் கல்லீரல் இருந்து, குடியும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் என்சைம் நார்மல் என்பதால் கல்லீரலில் கொழுப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றுகிறதே என்று தானாக நிறுத்துவது இன்னும் மோசம். சட்டென்று நிறுத்தினால் சோரியாசிஸ் உடம்பு முழுக்கச் சீழ்க் கொப்புளமாக வெடிக்கலாம்.

அப்புறம், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்ப்பவர்கள் ஹீமோகுளோபினையும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு அந்தக் குறை உண்டு என்பதால், 6.5 என்று ஒரு தடவை வந்ததுமே சர்க்கரை மாத்திரையைத் தொடங்காமல், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்து உறுதிசெய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.