தெருப் பிள்ளைகள் வாழும் இடத்துக்கு நிதி நடை: நாம் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் வெளிநாட்டுச் சொந்தங்களால் ஊர் நிறைந்திருக்கும். அப்போது ஏதாவது ஒரு சங்கம், "நிதி சேர்க்க ஒரு நடை வைப்போம், தெருவில் நிற்கிற பிள்ளைகளின் நிலையையும் சனம் நேரில் பார்க்கட்டும்" என்று தொடங்கும். நல்ல நோக்கம்தான். அப்படி இரண்டு நடைகளில் நானும் போயிருக்கிறேன். முதலாவதில் நாங்கள் விட்ட பிழைகள் இன்னும் மனதை உறுத்துகின்றன.

பெரிய பிழை, பிள்ளையின் கையில் காசு கொடுப்பது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஊதுபத்தி விற்றுக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள், எட்டு வயது இருக்கும். எங்களோடு வந்த அக்கா ஒருவர் கண்கலங்கி ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டினார். பிள்ளை அதை நாலாக மடித்துக்கொண்டு நேரே வீதியின் மறுபக்கம் ஓடினாள். அங்கே ஒருவர் கையை விரித்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் பள்ளிக்கூட நேரத்தில் அவள் அதே இடத்தில் நின்றாள், இந்த முறை தம்பியோடு. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வீதியில் நிற்பது வகுப்பில் இருப்பதைவிட வருமானம் தந்தால், வீடு எதைத் தெரிவு செய்யும்? ரொபி, பிஸ்கட் கொடுத்தாலும் இதே கதைதான். பெரிய பிள்ளைகள் முண்டியடிக்கச் சின்னது விழுந்து அழும். பிள்ளைகளோடு வேலை செய்கிற அமைப்பிடம் காசைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்தக் காசு எந்தச் செலவுக்குப் போகிறது என்றும் கேளுங்கள்.

அடுத்தது படம். போனைத் தூக்கியதும் ஒரு பெடியன் சேர்ட்டை இழுத்து முகத்தை மூடினான். அதைப் பார்த்த பிறகும் ஒருவர் எடுத்தார். முகத்தை மறைத்துப் போட்டாலும், பின்னால் தெரிகிற கடைப் பலகை இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

"அப்பா எங்கே?" என்று கேட்காதீர்கள். போர் 2009இல் முடிந்தது, இந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் அந்தக் கேள்வி பக்கத்தில் நிற்கும் தாயின் காதிலும் விழும்; போரில் அவர் யாரை இழந்தார் என்று நமக்குத் தெரியாது.

டில்லி பகார்கஞ்ச் பகுதியில், தெருப் பிள்ளைகளுக்காக இயங்கும் சலாம் பாலக் அறக்கட்டளை நடத்தும் நடைக்கு, ஒரு காலத்தில் தெருவில் வாழ்ந்தவர்களே வழிகாட்டிகள். தங்கள் கதையில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவர்கள் கையில் இருக்கிறது. நாங்களோ முதலாவது நடையில் நாற்பது பேர் ஒரே நிற ரீசேர்ட்டில், பிள்ளைகள் வாழும் ஒழுங்கையில் ஒருவரையும் தெரியாமல், ஊர்வலம் போலப் போனோம். எட்டுப் பத்துப் பேர் போதும்.

ஒரு பிள்ளை அடிவாங்கியதாகவோ வேறு ஆபத்தில் இருப்பதாகவோ தெரிந்தால், நீங்களே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார்.

இரண்டாவது நடையில் எட்டுப் பேர்தான். அந்த ஒழுங்கையிலேயே வளர்ந்த ஒரு தங்கச்சி கூட்டிக்கொண்டு போனார். கிணற்றடி தெரிந்ததும் நின்றுவிட்டார். "இதுக்கு அங்கால வேண்டாம் அண்ணை, பொம்பிளையள் குளிக்கிற நேரம்" என்றார். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வந்த வழியே திரும்பினோம்.