எல்எஃப்டிபி: பாஸ்வேர்டு இல்லாமல் சாவியால் நுழைவது

எல்எஃப்டிபி என்பது கட்டளை வரியில் கோப்புகளை அனுப்பவும் பெறவும் உதவும் நிரல். பாஸ்வேர்டுக்குப் பதிலாக நம்மை அடையாளம் காட்டும் கோப்பு இணைதான் சாவி. எல்எஃப்டிபிக்கு அதைக் கையாளத் தெரியாது. எஸ்எஃப்டிபி முகவரி கொடுத்தால், சர்வரில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் நிரலைப் பின்னணியில் ஓடவிட்டு அதன் வழியாகத்தான் கோப்புகளை அனுப்பும். ஆகவே முதல் வேலை எஸ்எஸ்ஹெச்சில். இங்கே கட்டளைகளை ஒலிப்பில் தருகிறோம். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து.

உங்கள் கணினியில் எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையை மைனஸ் டி ('டைப்' என்ற சொல்லின் முதல் எழுத்து), இடி25519 என்று வகை சொல்லி ஓட்டுங்கள். 2014-இல் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 6.5 முதல் இந்த வகை உண்டு. சர்வர் அதைவிடப் பழசு என்றால் மட்டும் 4096 பிட் ஆர்எஸ்ஏ. சாவியைப் பூட்டிவைக்கும் பாஸ்ஃப்ரேஸ் கேட்கும், போடுங்கள். எஸ்எஸ்ஹெச்-ஆட் கொண்டு, திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கும் ஏஜென்ட் நிரலில் ஒருமுறை ஏற்றிவிட்டால் திரும்பத் திரும்பக் கேட்காது. பப் என்று முடியும் கோப்புதான் சர்வருக்குப் போக வேண்டியது. எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி கட்டளை அதை சர்வரின் ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பில் சேர்த்துவிடும். கையால் ஒட்டினால் முழுச் சாவியும் ஒரே வரியில் இருக்க வேண்டும்.

இப்போது வெறும் எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து பாருங்கள். சர்வரின் அடையாளத்தை ஏற்கலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இன்னும் பாஸ்வேர்டு கேட்டால் பெரும்பாலும் அனுமதிச் சிக்கல்தான். சர்வரில் புள்ளியில் தொடங்கும் எஸ்எஸ்ஹெச் கோப்புறைக்கு 700, அதிலுள்ள ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்புக்கு 600 என்று சிமோட் கட்டளையால் அனுமதி கொடுங்கள். ஹோம் கோப்புறையில் குழுவோ மற்றவர்களோ எழுத முடிந்தாலும் சர்வர் சாவியை ஒதுக்கிவிடும். காரணம் சர்வரின் லாகில் மட்டுமே பதிவாகும். பலரும் கோட்டை விடுவது இந்த ஹோம் கோப்புறையில்தான்.

அடுத்து எல்எஃப்டிபி. ஓப்பன் கட்டளையில் மைனஸ் யு, பயனர் பெயர், அதை ஒட்டியே ஒரு காற்புள்ளி, பிறகு ஓர் இடைவெளி விட்டு முகவரி. காற்புள்ளி இல்லாவிட்டால் இணைவதற்கு முன்பே எல்எஃப்டிபி தானாகப் பாஸ்வேர்டு கேட்கும். சாவி பழுது என்று நினைத்து வீணாகத் தேட வேண்டிவரும்.

சாவிக்கு வேறு பெயர் வைத்திருந்தால் எஸ்எஸ்ஹெச்சின் கான்ஃபிக் கோப்பில் அந்த சர்வருக்கு ஐடென்டிட்டிஃபைல் வரியும், ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ் என்ற வரியும் எழுதுங்கள். இரண்டாவது வரி இல்லையென்றால் ஏஜென்ட்டில் உள்ள சாவிகளெல்லாம் வரிசையாக நீட்டப்படும். சர்வரின் வழக்கமான வரம்பு 6 முயற்சிதான், சரியான சாவி வருவதற்குள் கதவு மூடிவிடும். எல்எஃப்டிபியின் கனெக்ட்-ப்ரோகிராம் அமைப்பிலும் சாவியைச் சொல்லலாம். ஆனால் கான்ஃபிக்கில் எழுதினால் மற்ற நிரல்களுக்கும் உதவும்.

இரவில் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் நிரல்) ஓடும் வேலைக்கு ஏஜென்ட் எட்டாது. அதற்கென்று பாஸ்ஃப்ரேஸ் இல்லாத தனிச் சாவி செய்து, சர்வரின் ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பில் அந்தச் சாவி உள்ள வரியின் தொடக்கத்தில் ரெஸ்ட்ரிக்ட் என்பதையும், கமாண்ட் என்பதில் இன்டர்னல்-எஸ்எஃப்டிபியையும் போட்டுவிடுங்கள். சாவி களவு போனாலும் கட்டளைகள் தட்டும் ஷெல் நேரடியாகக் கிடைக்காது.

எஸ்எஸ்ஹெச் நுழைகிறது, எல்எஃப்டிபி மட்டும் தொங்குகிறதா? ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் எஸ்எஃப்டிபி கட்டளையால் இணைந்து பாருங்கள். செய்தி மிக நீளம் என்ற பிழையோடு 1416128883 போன்ற பெரிய எண் வந்தால், சர்வரில் ஏதோ ஒன்று எழுத்தை அச்சிடுகிறது. நெறிமுறை அந்த முதல் நான்கு எழுத்தை நீளமாக எண்ணிவிட்டது. இந்த எண்ணைப் பிரித்தால் 'திஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்தும் வரும். பெரும்பாலும் ஷெல் தொடங்கும்போது ஓடும் பேஷ்ஆர்சி கோப்பில் யாரோ எழுதிய, எழுத்தை அச்சிடும் எக்கோ வரிதான். அதை ஊடாடும் ஷெல்லுக்கு மட்டும் ஓடும்படி மாற்றுங்கள்.