ஏணியின் அடி வழுக்காதிருக்கச் செய்ய வேண்டியவை

மாரி தொடங்குமுன் உடைந்த ஓடுகளை மாற்றவும் கூரைநீர் வடியும் பீலியில் அடைந்த சருகுகளை அள்ளவும் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஏணியை எடுப்பது வழக்கம். அப்போது நான் மிகவும் அஞ்சுவது, ஏறியவர் உச்சியை நெருங்கும் வேளையில் ஏணியின் அடி வெளிப்புறமாக வழுக்குவதையே.

முதற்படியில் நின்று குலுக்கிப் பார்த்துவிட்டு ஏணி உறுதியாக நிற்கிறது என்று நம்புவது ஆபத்தானது. கீழ்ப்படியில் நிற்கும்போது அடியை வெளியே தள்ளும் விசை சிறிதாகவே இருக்கும். மேலே ஏற ஏற உடற்பாரம் ஏணியைச் சுவரோடு அழுத்த, அடியைத் தள்ளும் விசையும் அதற்கேற்பக் கூடிக்கொண்டே போகும்.

ஆகவே சாய்வை முதலில் சரிசெய்ய வேண்டும். ஏணி சுவரைத் தொடும் இடம் 16 அடி உயரமானால், கால்கள் சுவரிலிருந்து 4 அடி தள்ளியிருக்க வேண்டும். இது ஏறக்குறைய 75 பாகைச் சாய்வு. ஏணிக்கால்களில் உங்கள் கால்விரல்கள் முட்ட நிமிர்ந்து நின்று கைகளை நேரே நீட்டினால், உள்ளங்கைகள் எதிரேயுள்ள படியைத் தொட வேண்டும். இதைவிடச் சரிந்தால் அடி வழுக்கும். நிமிர்ந்தால் ஏணி பின்னே சாயும்.

அடுத்தது நிலம். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் செம்மண் நனைந்திருந்தால் ஒரு கால் மட்டும் புதைந்து ஏணி பக்கவாட்டில் சரியக்கூடும் என்பதால், இரு கால்களுக்கும் பொதுவாக ஓர் அகன்ற பலகையை இட்டு, அதன் வெளி விளிம்பில் சட்டம் அறைந்து, பலகைக்குப் பின்னால் முளைகளை அடித்து இறுக்குங்கள். கிணற்றடிச் சீமெந்தில் பாசியைச் சுரண்டிக் கழுவி, நன்றாக உலரவிட்ட பின்னரே ஏணியை வையுங்கள். வழுவழுப்பான தரையில் சாக்கை விரிப்பது உதவாது, சாக்கே வழுக்கிக்கொண்டு போகும். தேய்ந்த இறப்பர்க் காலடிகளை மாற்றிவிடுங்கள்.

இவற்றைவிட நம்பகமானது கயிறு. கீழ்ப்படியைச் சுவர்ப்பக்கத்துத் தூணோடும், மேல்முனையின் இரு பக்கச் சட்டங்களையும் கூரையைத் தாங்கும் வலுவான வளையோடும் கட்டுங்கள். பீலியில் ஏணியைச் சாய்க்கவோ கட்டவோ கூடாது. கூரையில் இறங்குவதானால் ஏணி கூரை விளிம்புக்கு மேல் 3 அடி நீண்டிருக்க வேண்டும். அலுமினிய ஏணியை மின்கம்பிக்கு அருகே கொண்டுபோகவே வேண்டாம்.

மேல்முனைக் கயிற்றைக் கட்ட ஏறும்போதும் அவிழ்த்து இறங்கும்போதும் ஏணி மேலே பிணைப்பின்றி நிற்பதால், கீழே ஒருவர் இரு கைகளாலும் பிடித்தபடி, ஏறியவர் நிலத்தில் கால் வைக்கும்வரை விலகாமல் நிற்க வேண்டும்.