உங்கள் பாணனுக்கு யார் சோறு போடுகிறார்கள்?

சமீபத்தில் புதிதாக எழுத வந்த நாலைந்து பேர் தங்கள் நாவல்களைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாமே சோழர் கால வாசனையுள்ள கற்பனை ராஜ்ஜியங்கள். அரண்மனைச் சதி, காதல், நடுவில் ஒரு பாணன். என் முதல் நாவலையே திரும்பப் படிப்பதுபோல் இருந்தது. பெயர்க் குழப்பமெல்லாம் இரண்டாம் வாசிப்பில் சரியாகிவிடும். கதையையே சாய்க்கிற தவறுகள் வேறு.

பிழைப்பு இல்லாத பாடகன்

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நந்தவனத்தில் ஒருவன் யாழோடு வந்து நிற்கிறான், பாடுகிறான், இளவரசி மனதைப் பறிகொடுக்கிறாள். அவனை உள்ளே விட்டது யார்? அவன் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது?

நானும் அவனை யாருக்கும் கட்டுப்படாதவனாகத்தான் படைத்தேன். காதல் அழகாக வரும் என்று நம்பினேன். இருநூறு பக்கம் தாண்டியதும் கதை நின்றுவிட்டது. சதிகாரர்களால் அவனை மிரட்டவே முடியவில்லை. பறிப்பதற்கு அவனிடம் எதுவும் இல்லை. எட்டு மாத உழைப்பைக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம்தான் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைக் கவனமாகப் படித்தேன். ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்களை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, கொண்டுவந்து குடியமர்த்தினான். யார், எந்த வரிசையில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவர்.

இதற்குள் ஒரு நாவலே இருக்கிறது. அவள் காதலனோடு போய்விட்டால் பங்கு தங்கைக்கு. தங்கைக்கு ஆட வராது என்று ஓர் அதிகாரி ஓலையில் எழுதிவிட்டால், வீடு அவருக்கு வேண்டியவளுக்கு. அந்த அதிகாரி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவள் குரல் எப்படி எழும்?

பாட்டு முடிந்தும் எதுவும் மாறவில்லை

சிலப்பதிகாரத்தின் கானல்வரியைப் பாருங்கள். கடற்கரையில் கோவலன் பாடுகிறான். அவன் மனம் வேறிடத்தில் இருக்கிறதென்று நினைத்த மாதவி, யாழை வாங்கித் தானும் அப்படியே பாடுகிறாள். அவள் முடிக்கும்போது அவன் கிளம்பிவிடுகிறான். "அனைவரும் உருகினர்" என்பதோடு நிற்கும் பாட்டை வெட்டிவிடுங்கள்.

பத்தாம் நூற்றாண்டு அவையில் மேளகர்த்தா

மேளகர்த்தா என்பது கர்நாடக இசையின் தாய் ராகங்கள். அந்த 72 மேளங்களை இசை நூலாசிரியர் வேங்கடமகி வகுத்தது 17ஆம் நூற்றாண்டில். அந்தக் காலத்து ராகமான பண் போதும்.

வழியில் சிக்கும் காதல் ஓலை

வேண்டாம்.

எப்போதும் சுருதி சேர்ந்தே இருக்கும் யாழ்

ஈரக் காற்றில் நரம்பு சொன்னபடி நிற்காது. முறுக்க வேண்டும், மீட்டிக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும், மறுபடி முறுக்க வேண்டும். அவ்வளவு நேரமும் பாணன் தலை குனிந்தபடி அவையில்தான் இருக்கிறான். இரண்டடி தள்ளி அமைச்சர் ஒருவர் தளபதியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார். நரம்பு எப்போதோ சேர்ந்துவிட்டது. அவன் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறான்.